காத்துப் படாம

வாங்க, இப்பிடி உள்ளுக்குத் தள்ளி உக்காருங்க. சாரல் அடிக்குது பாருங்க. பஸ்ஸுக்குத்தானே நிக்கறீங்க? இன்னும் லேட் ஆகுமுன்னு மாஸ்டர் இப்பத்தான் சொன்னாரு. கோத்தகிரிக்குங்களா? அட, நானும் அங்கதானுங்க. எடமிருந்தா உங்களையும் ஏத்திட்டுப் போயிருவேன். முன் சீட்டு மூச்சூடும் சாமான். பின் சீட்டுல என்ற மக கைக்கொழந்தையோட படுத்திருக்கறா. தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு டீ சாப்புடுங்க. மாஸ்டர், இவருக்கும் ஒண்ணு போடுங்க, எனக்குச் சக்கரை கொறைச்சு. மேட்டுப்பாளையத்துல இருந்தே லேசாத் தலைய வலிக்குது.

வண்டியத்தானுங்க பாக்கறீங்க? நல்லாப் பாருங்க. ரோட்டுல போறவங்க எல்லாரும் பாப்பாங்க, நிறுத்தச் சொல்லி போட்டோக்கூட எடுப்பாங்க. எங்கய்யன், அதானுங்க எங்கப்பா, வாங்குன காரு. வயசுல என்னைய விட அது மூத்தது. அந்தக் கறுப்பு இருக்குது பாருங்க, அது நான் அடிச்ச பெயிண்ட் இல்ல, கம்பெனியில அடிச்சது. இன்னைக்கும் மூஞ்சி தெரியும்.

ஆமாங்க, ஓடிட்டேதான் இருக்குது. மறந்து போயி உட்டுட்டு வந்துட்டேன்னு நெனச்சீங்களா? வேணுமுன்னுதான் அணைக்காம வெச்சிருக்கறேன். சூட்டுல அணைச்சா அது மறுபடி கெளம்பாதுங்க. ஒரு மணி நேரமாவது ஆறோணும். மலையேத்தத்துல, மழையில, பச்சக் கொழந்தைய வெச்சுட்டு அப்பிடி உக்காந்திருக்க முடியுங்களா? அதான் டீக்கு எறங்குனாலும் ஓடட்டுமுன்னு உட்டுட்டேன்.

மூக்கைப் பொத்தறீங்க. புகை கொஞ்சம் கூடத்தான். வெட்டவெளியில இருந்தா தெரியாது. இங்க தகரத்துக்கு அடியில ரிவர்ஸ்ல ஏத்தி செவுத்தோட ஒட்டி நிறுத்திட்டனா, அது இங்கியே சுத்திட்டுக் கெடக்குது. என்ன பண்றது, டிக்கில தண்ணி எறங்கும். கொழந்தைத் துணி எல்லாம் அதுலதான் இருக்குது. அந்தப் பக்கம் தார்ப்பாய வேற மாஸ்டர் எறக்கி உட்டாரு, நல்ல மனுசன்.

அழற சத்தம் கேக்குதுங்களா? என்ற பேத்திதான். அஞ்சாம் மாசம் நடக்குது. எங்க பக்கத்துல பொறந்த வீட்டுல பிரசவம் பாத்து, அஞ்சாம் மாசத்துல தாயையும் புள்ளையையும் மாப்ள ஊட்டுல கொண்டு போய் உடறது வழக்கம். அதுக்குத்தான் இந்தப் பயணம். கொழந்தைக்குக் காத்துப் படக்கூடாது பாருங்க, அதுவும் இந்த மலைக்காத்து. கண்ணாடி ரப்பரெல்லாம் காஞ்சு போச்சு, சந்து சந்தா காத்து ஊதும். நேத்தே உக்காந்து பழைய வேட்டியக் கிழிச்சு ஒவ்வொரு சந்துலயும் திணிச்சுட்டேன். நான் ஓட்டற பக்கம் மட்டும் கண்ணாடி எறக்கித்தான் இருக்கோணும், பழைய வண்டி, கைய வெளிய நீட்டி சிக்னல் காட்டித்தான் திருப்போணும். அந்தக் காத்து பின்னால போகுமேன்னு ஊட்டுக்காரி பொடவை ஒண்ணை மடிச்சு, முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல திரையாக் கட்டிட்டேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள நொழையாது. அத்தனை பக்குவம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்னு கேக்கறீங்களா? கேளுங்க சொல்றேன். எனக்கு ஒரு அவமானம் நடந்துச்சுங்க.

போன வருசம் வைகாசியில என்ற மக தாரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். எங்கூரு கோபியில பாதி மாப்பிள்ளைங்க இதுல வந்தவங்கதான், என்ற மாப்பிள்ளை மட்டும் வேற வண்டியில வரலாமா? பூவெல்லாம் சுத்தி, மேளம் முன்னால போக, மெதுவா ஊர்ந்து வந்தோம். மண்டபத்து வாசலுக்குப் பத்தடி இருக்கறப்போ நின்னு போச்சுங்க. செல்ஃப் அடிக்கறேன், அடிக்கறேன், முக்குதே தவிர எந்திரிக்க மாட்டீங்குது. மாப்ள பட்டு வேட்டியோட உள்ள உக்காந்திருக்கறாரு, பசங்க பின்னால இருந்து தள்ளறாங்க. சம்மந்தி சத்தமாச் சொன்னாரு, "ஏனுங்க சம்மந்தி, பொண்ணோட தள்ளுவண்டியும் சேத்துக் குடுக்கறீங்களா?" அப்பிடீன்னு. மண்டபமே சிரிச்சுது. பந்தியில எலைக்கு எலை அதே பேச்சு. எங்கய்யன் நாற்காலியில உக்காந்துட்டு தலைய நிமித்தவே இல்ல. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சுங்க.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த வண்டிய நிக்காம ஓட வெச்சு, அதே சம்மந்தி வாசல்ல போயி நிறுத்தி, இஞ்சின் ஓடற சத்தம் அவரு காதுல உழ வெக்கோணும். அதுக்கப்பறந்தான் எனக்குத் தூக்கம்.

எனக்கு மோட்டார் காயில் கட்டற கடைங்க. கெணத்து மோட்டார், மாவரைக்கற மோட்டார் எல்லாம். கரண்டு சமாச்சாரம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மெக்கானிக்கைக் கிட்டவே சேத்தலை. அவனுக என்ன பண்ணுவானுக, எல்லாத்தையும் கழட்டி பாதியத் திருப்பி மாட்டுவானுக. பெட்ரோல் இஞ்சின்ல ரெண்டே ரெண்டு விசயந்தானுங்க. நெருப்பு கரெக்டா வரோணும், பெட்ரோல் கரெக்டா வரோணும். என்னது, காத்துங்களா? அது தானா வருதுங்க, அதுக்கு நாம என்ன பண்றது.

மொதல்ல நெருப்பைப் புடிச்சேன். ப்ளக்கைக் கழட்டி இஞ்சின் மேல சாய்ச்சு வெச்சு செல்ஃப் அடிச்சா, பொறி மஞ்சளா, சோந்து போயி வருது. நீலமா, பட்டுப் பட்டுன்னு அடிக்கோணும் அது. பொறிக்குக் கரண்டு குடுக்கற காயில்ல கை வெக்க முடியல, அத்தனை சூடு. சூடாச்சுன்னா உள்ள கம்பி சோந்து போகும், தெனமும் பாக்கறவனாச்சே நானு. காயிலை மாத்துனேன். கண்டென்சரை மாத்துனேன். கரண்டு தொட்டுத் தொட்டு விடற பாயிண்ட்டுல குழி உழுந்திருந்துச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, விசிட்டிங் கார்டை மடிச்சுச் சொருகி கேப் வெச்சேன். பொறி நீலமா வந்துருச்சுங்க. அன்னைக்கு எங்கய்யனைக் கூப்புட்டுக் காட்டுனேன். கொழந்தையாட்டம் கையத் தட்டுனாரு.

ஆனாப் பாருங்க, சமதரையில ஓடுது, மேடு ஏறுனா மூச்சு வாங்குது. திம்பம் மலையில கொண்டு போய்ப் பாத்தேன், பாதியில படுத்துருச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, நெருப்பு இருக்குது, தீனி பத்தலைன்னு. கார்ப்பரேட்டரைக் கழட்டிட்டேன். உள்ள பித்தளையில சின்னதா ஜெட்டுன்னு ஒண்ணு இருக்குமுங்க, ஊசிக் காது மாதிரி ஓட்டை, அதுவழியாத்தான் பெட்ரோல் போகுது. அதுல அழுக்கு. எல்லாரும் வாயில வெச்சு ஊதுவாங்க. எங்கடையில காயில் கட்டற கம்பி இருக்குதில்லைங்களா, அதுல தோதா ஒண்ணை எடுத்து உள்ள உட்டு இப்பிடியும் அப்பிடியும் இழுத்தேன். அழுக்கு வந்துருச்சு. ஓட்டையும் ஒரு சுத்து பெருசாயிருச்சு. ஆகட்டுமேன்னு இன்னும் கொஞ்சம் தடிச்ச கம்பியா எடுத்து உட்டேன். வயித்துக்கு நெறைய போட்டாத்தானே வேலை செய்யும்?

நம்ப மாட்டீங்க. அடுத்த நாளு சும்மா குதிச்சுட்டு ஏறுச்சுங்க. என்ன, பெட்ரோல் குடிக்கும். ப்ளக்கைக் கழட்டுனா அடுப்புக்கரி மாதிரி வரும். புகையும். போகட்டும். ஓடுதில்ல? சூட்டுல கெளம்பாத நோவு மட்டும் இன்னும் போகலை. பெட்ரோல் பம்பு மேல ஈரத்துணி சுத்திப் பாத்தேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அதுக்கு ஒரே வைத்தியம், வழியில அணைக்காம ஓட்டறது. இப்பப் பண்றனே, இதேதான்.

அழுகை நின்னுருச்சு, பாத்தீங்களா? அந்த வண்டியில ஏறுனா ஆரா இருந்தாலும் தூங்கிருவாங்க. தொட்டில் தோத்துது போங்க.

எங்கய்யனையே எடுத்துக்குங்க. மார்கழியில அவருக்கு நெஞ்சு சளி. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்து, நல்லாயிருச்சு, கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. நாந்தான் இந்த வண்டியில கூட்டிட்டு வந்தேன். குளுரு காலம், பின்னால கண்ணாடியெல்லாம் ஏத்தி, கம்பளி போத்தி படுக்க வெச்சோம். அன்னூர் வரைக்கும் பேசிட்டே வந்தாரு. வண்டி நல்லா இழுக்குதுடான்னாரு. அப்பறம் தலைய வலிக்குதுன்னாரு, அப்பறம் தூக்கமா வருதுன்னாரு. ஊடு வந்து எழுப்புனா, ஆள் இல்லைங்க. தூக்கத்துலயே போயிட்டாரு. ஒரு அசைவு இல்ல, ஒரு முனகல் இல்ல. பார்க்க வந்தவங்க எல்லாரும் சொன்னாங்க, செத்தவரு மாதிரியே தெரியல, மூஞ்சி அப்பிடிச் செவந்து கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்குதுன்னு. அவரு ஆசையா வாங்குன வண்டியிலயே அவரு உசுரு போச்சு. அப்பிடி ஒரு சாவு ஆருக்குக் கெடைக்கும்? எனக்கு அழுகை வந்தாலும், உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி இருந்துச்சுங்க.

ஆனா எங்கூட்டுக்காரி சுலோச்சனா இருக்கறாளே, அவ வாயி சும்மா இருக்குதா? அன்னைக்கு முன் சீட்டுல வந்தவ, வழியெல்லாம் வாந்தி. எழவு ஊட்டுல, அத்தனை பேருக்கு முன்னால சொல்றா, "அந்த வண்டிதான் மாமாவக் கொன்னுச்சு. உள்ள புகை நாத்தம் அடிக்குதுன்னு சொல்லச் சொல்லக் கேக்காம ஓட்டுனீங்க" அப்பிடீங்கறா. எனக்கு வந்துச்சே கோவம். பெத்த அப்பனை நான் கொன்னேங்கறாளா? அவளுக்கு இந்த வண்டின்னாலே ஆகாதுங்க. நான் எந்நேரமும் அதுக்கு அடியிலயே படுத்துக் கெடக்கறன்னு சக்களத்தியப் பாக்கற மாதிரி பாப்பா. அதுக்கப்பறம் ஒரு நாள்கூட அவ அதுல ஏறலை.

இன்னைக்குக் காத்தாலயும் பெரிய ரகளை. "நீங்க எப்பிடியோ போங்க. புள்ளையையும் கொழந்தையையும் நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன்"னு பொட்டியத் தூக்கிட்டா. ஏண்டி, ஐப்பசி மழையில, கூட்டத்துல, கண்டவன் இருமற எடத்துல பச்சக் கொழந்தையக் கொண்டு போவியான்னேன். தாரணிதான் குறுக்க வந்தா. அவ அவங்கம்மாகிட்ட மெதுவாச் சொன்னது எனக்குக் கேட்டுருச்சுங்க. "அம்மா, அப்பா ஒரு வருசமா இதோடயே மல்லுக்கட்டிச் செஞ்சிருக்கறாரு. நான் ஏறலைன்னா மனசு உட்டுருவாரு. ஒரு நாளைக்குத்தானே" அப்பிடீன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பொண்ணுன்னா அது பொண்ணு. சுலோச்சனா ஒத்தையில பஸ் ஏறிப் போயிட்டா. இந்நேரம் சம்மந்தி ஊட்டுல ஆரத்தி கரைச்சு வெச்சுட்டு வாசலப் பாத்து நிப்பா.

தாரணிகிட்டப் பேசிட்டேதான் வந்தேன். மேட்டுப்பாளையம் தாண்டி, அப்பா தலைய வலிக்குதுன்னா. தைலம் குடுத்தேன். அப்பறம் கண்ணைச் சொருகுதுப்பான்னா. ராத்திரியெல்லாம் கொழந்தை முழிச்சிருந்தா தாய்க்குத் தூக்கம் ஏது? தூங்கு அம்மிணி, ஊடு வந்தா எழுப்பறேன்னேன். இங்க எறங்கறப்போ டீ வேணுமான்னு திரைக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். பதிலைக் காணோம். அசந்துட்டா.

என்னங்க அது, புகை நாத்தங்களா? சுலோச்சனா சொன்னதையே புடிச்சுட்டீங்க போங்க. அதையும் நான் பாக்காம இல்லைங்க. சத்தியமங்கலத்துல மைதீன்னு ஒருத்தன், சைலன்சருக்கு வெல்டிங் பத்த வெக்கறவன். ஆடியில சத்தம் ஜாஸ்தியாயிருச்சேன்னு காட்டுனேன். அவன் அடியில பூந்து பாத்துட்டு வந்து, "அண்ணா, இஞ்சின்ல இருந்து வர்ற பைப்பு பின் சீட்டுக்கு நேரா ஓட்டை. அதுக்கு மேல தரைத்தகடும் அரிச்சுப் போயிக் கெடக்குது. புகை மூச்சூடும் வண்டிக்குள்ளதான் வருது. இதைச் சரி பண்ணாம கண்ணாடிய ஏத்திட்டு ஆரையும் பின்னால உக்கார வெச்சுராதீங்க, ஆள் போயிரும்" அப்பிடீங்கறான். ஒரு வாரம் வண்டிய உடோணுமாம். அவனுக்குத் தொழில் நடக்கோணுமில்ல, அப்பிடித்தான் பயமுறுத்துவான். சைலன்சருங்கறது என்னங்க? சத்தத்துக்கு. இஞ்சினு எரிச்சு வேண்டாம்னு தள்ளுன புகை அது, அதுக்கும் வண்டி ஓடறதுக்கும் என்ன சம்பந்தம்? கோணிச்சாக்கை நாலா மடிச்சுத் தரையில விரிச்சு, மேல நார் மேட்டு போட்டு மூடிட்டேன். நாத்தம்கூட அவ்வளவா இல்ல.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? பஸ் வந்துருச்சா? டம்ளரைக் கீழ போட்டுட்டீங்களே. எங்கீங்க ஓடறீங்க?

ஏனுங்க! உங்களைத்தானுங்க! கதவைத் தொறக்காதீங்க, சாரல் அடிக்குது, கொழந்தைக்கு ஆகாது. மாஸ்டர், இவரைக் கொஞ்சம் பாருங்களேன். நல்ல மனுசன்னு பேசிட்டிருந்தேன். திரைய ஏங்க கிழிக்கறீங்க? சாவியத் தொடாதீங்க, சாவியத்...

அணைச்சுட்டீங்களே. இனி ஒரு மணி நேரத்துக்குக் கெளம்பாதே. சம்மந்தி வாசல்ல என்ன சொல்லுவேன் நானு?

மெதுவா, மெதுவா இழுங்க, அவ பச்ச ஒடம்புக்காரி. தாரணி, எந்திரி அம்மிணி. ஆரோ ஒருத்தரு கண்டபடி பண்றாரு பாரு. அம்மிணி. கை தொவண்டு உழுகுதே மாஸ்டர். அசந்த தூக்கமுங்க அது, மூஞ்சில தண்ணி தெளிங்க. வெளியிலயா? மழையிலயா படுக்க வெக்கச் சொல்றீங்க? சரி, சரி, நான் காலப் புடிக்கறேன். தாரணி! அப்பாடா. கண்ணைத் தொறந்துட்டாளுங்க. வாந்தி எடுக்கறா. எடு சாமி, எடு, எல்லாத்தையும் எடுத்துரு. என்ன? பாப்பாவா? பாப்பா இங்கதான் இருக்குது அம்மிணி, இவரு தூக்கி வெச்சிருக்கறாரு. தூங்குது.

குடுங்க இப்பிடி. ஏன் தர மாட்டீங்கறீங்க? போர்வைய எதுக்கு அவுக்கறீங்க, குளுருமுங்க. அந்தப் பிஞ்சு வாயில வாய வெச்சு என்னத்த ஊதறீங்க? நெஞ்சை அமுத்தாதீங்க, இளம் எலும்பு.

என்ன சொன்னீங்க? அழுதுட்டாப் போதுமா?

அழு தங்கம். ஒருக்கா அழு. சித்த முன்னாடி அழுதியே, அதே மாதிரி. அப்பச்சி ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்கம்மா பாக்கறா பாரு, அழு சாமி. கதவெல்லாம் தொறந்து உட்டாச்சு. மலைக்காத்து எவ்வளவு வேணுமோ எடுத்துக்க. இழு கண்ணு. இழு.